வேங்கடமும் எல்லைக்கோடும்: வடக்கெல்லை வரலாற்றை நாம் எழுதும் முறை பற்றி

நம் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களில் வடக்கெல்லைப் போராட்டம் பற்றி ஒரு கட்டுரையாவது இருக்கும். எழுதுகிறவர் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகச் சொல்கிறது என்று தொடங்கும். பிறகு மங்கலங்கிழார், ம.பொ.சி., தமிழரசுக் கழகம். கடைசியில் திருத்தணி கிடைத்தது, திருப்பதி போய்விட்டது என்று ஒரு பெருமூச்சு. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. எல்லை போட்ட பிறகு அந்தப் பக்கமே இருந்துவிட்ட மக்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் அது.

ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’ போன்ற நூல்களை நான் குறை சொல்ல வரவில்லை. களத்தில் நின்றவர் களத்தைப் பற்றித்தான் எழுதுவார். அவரும் அவருடைய தோழர்களும் போராடியிராவிட்டால் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்திருக்காது. குறை நம்முடையது. அவர் எழுதியதையே சுருக்கிச் சுருக்கி எழுதுவதோடு நாம் நின்றுவிட்டோம்.

கோடு போட்டது யார்?

இலக்கியம் சொல்லும் எல்லை ஒரு மொழி வழங்கிய நிலப்பரப்பைக் காட்டுவது. அரசாங்க எல்லை வரிவசூலுக்கும் கச்சேரி நிர்வாகத்துக்கும் ஏற்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் முதல் குழப்பம். சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி வடஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமநேர் முதலிய பகுதிகளையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துப் புது மாவட்டம் ஒன்றை ஆங்கில அரசு உண்டாக்கியது. சென்னை ராஜதானிக்குள் ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டமானது, அவ்வளவுதான். அன்றைக்கு அது யாருக்கும் மாநில எல்லையாகத் தோன்றியிருக்க முடியாது.

அதை மாநில எல்லையாக்கியது தேசிய இயக்கம். 1913-இல் பாபட்லாவில் முதல் ஆந்திர மாநாடு கூடியது. 1920-இல் நாகபுரிக் காங்கிரஸ் தன் மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாக அமைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இருமொழி பேசும் ஒவ்வொரு தாலுகாவைப் பற்றியும் ‘இது யாருடையது?’ என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. வெள்ளைக்காரன் நிர்வாக வசதிக்காகப் போட்ட கோட்டைச் சுதந்திரம் கேட்டவர்கள் தாயகக் கோடாக எடுத்துக்கொண்டார்கள்.

திருமலைக் கோயிலையும் இந்தக் கணக்கில் நேராகச் சேர்த்துவிட முடியாது. தேவஸ்தானம் 1930-களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளைப் பார்த்தால் பெரும்பாலானவை தமிழ். அதே கோயிலில்தான் அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் காக்கப்பட்டன. நிர்வாகமோ 1843 முதல் வடநாட்டு மரபைச் சேர்ந்த ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. சென்னை ராஜதானியின் தனிச் சட்டப்படி 1933-இல்தான் ஒரு குழுவின் கைக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டு அங்கே தமிழின் தொன்மைக்குச் சான்று. எல்லை வழக்குக்கு அது மட்டுமே போதும் என்று நினைத்தது நம் பலவீனம்.

எண்ணுவது எந்த அலகை வைத்து?

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உண்ணாநோன்பில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. அப்போது பல்லாரி மாவட்டத்தைத் தாலுகா தாலுகாவாகப் பிரித்தார்கள். சித்தூரையோ முழு மாவட்டமாக அப்படியே ஆந்திரத்தில் சேர்த்தார்கள். பிறகு எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. மாவட்டம், தாலுகா, கிராமம் என்று அலகு மாற மாற முடிவும் மாறுகிறது. நம் கட்டுரைகள் தலைவர்களின் உறுதியைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்த அலகைப் பற்றி எழுதுவதில்லை.

இதே காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. எவே மொழி பேசும் மக்களை முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வசமிருந்த டோகோலாந்தில் 1956 மே மாதம் ஐ.நா. மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. 58 சதவீதம் பேர் கோல்டு கோஸ்ட்டோடு சேர வாக்களித்தார்கள். ஆனால் எவே மக்கள் மிகுந்த தெற்குப் பகுதியில் ஹோ, பாண்டு மாவட்டங்களில் பெரும்பான்மை அதற்கு எதிராக இருந்தது. மொத்தத்தையும் ஒரே அலகாக எண்ணியதால் அவர்களும் 1957-இல் கானாவின் குடிமக்கள் ஆனார்கள். அங்கே கிராமத்தை அலகாக வைத்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கும். அப்படி வைத்திருந்தாலும் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சிறுபான்மை மிஞ்சத்தான் செய்யும்.

மிஞ்சியவர்கள்

இந்த மிச்சத்தை நேராக எதிர்கொண்டது நைஜீரியா. 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அந்த நாட்டை மூன்று வட்டாரங்களாக வகுத்தது. வடக்கே ஹவுசா-ஃபுலானி, மேற்கே யோருபா, கிழக்கே இக்போ என்று ஒவ்வொன்றிலும் ஓர் இனம் ஓங்கியது. மற்றச் சிறு இனங்கள் எங்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்றன. 1957-இல் அமைந்த வில்லிங்க் குழு, புதிதாக மாநிலம் பிரித்தால் அதற்குள்ளும் புதுச் சிறுபான்மை தோன்றும் என்று கண்டது. 1958-இல் தந்த அறிக்கையில் அடிப்படை உரிமைகளை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்கச் சொன்னது. அது மட்டும் போதவில்லை. நைஜீரியா 1967-இல் 12 மாநிலங்களாகப் பிரிந்தது, இன்று 36 மாநிலங்கள். உரிமையைத் தாளில் எழுதி வைத்தாலும் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

நம் நாட்டிலும் அந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் 350-ஏ பிரிவு வந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பே 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி, ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் அந்த மொழி ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். எல்லைப் போராட்டம் பற்றி நான் படித்த மலர்க் கட்டுரைகளில் இந்தப் பத்தும் நாற்பதும் வந்ததாக நினைவில்லை.

சித்தூரில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “எல்லை எங்க போனா என்ன சார்? பேரன் என்கிட்ட தமிழ்லதான் பேசறான். பேப்பரக் குடுத்தா படிக்கத் தெரியல. பஸ்ஸுல போர்டு பாக்கறதுக்கும் தெலுங்குதான். நான் எழுதி வச்சத நாளைக்கு யார் படிப்பாங்க?” இந்தக் கேள்விக்குப் படாஸ்கர் தீர்ப்பில் பதில் இல்லை. 350-ஏ பிரிவில் கொஞ்சம் இருக்கிறது. பெற்றோர் பத்துப்பேர் சேர்ந்து மனு எழுதவேண்டும், யாராவது ஒருவர் அதைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. மேலே பல்கலைக்கழகம் இருந்தும் கீழே ஒன்றாம் வகுப்பு இல்லையென்றால், சில ஆண்டுகளில் அங்கே படிக்க உள்ளூர்ப் பிள்ளை கிடைக்காது.

நியாயத்தை ஒரு பக்கம் மட்டும் கேட்பதும் சரியில்லை. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது, அங்குள்ள தெலுங்கு, கன்னட, உருதுப் பிள்ளைகளின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். ஓசூரிலும் திருத்தணியிலும் தெலுங்குக் குடும்பங்கள் கேட்பதும் சித்தூர்ப் பெரியவர் கேட்பதும் ஒன்றுதான். அவர்களுக்கு நாம் மறுத்துவிட்டு இங்கே நமக்குக் கேட்டால் யார் காதில் ஏறும்?

முடிவாக

ஆகவே அடுத்த மலருக்கு வடக்கெல்லை பற்றி எழுத வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாயிரத்தையும் போராட்டத்தையும் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுங்கள். மற்றப் பக்கங்களில், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் ஊர்களில் எத்தனை பள்ளிகளில் தமிழ் கற்பிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர் இடம் காலி, எந்தப் பாடநூல் வரவில்லை என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். வேங்கடத்தை விடமாட்டோம் என்று அன்றைக்கு முழங்கினார்கள். வேங்கடத்தின் அடிவாரத்தில் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.