மறைந்தவரின் குரலும் மறைக்கப்படுபவரின் பாட்டும்

2024 பிப்ரவரியில் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில் பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவின் வழியே ஒலித்தன. முன்னவர் 1997-லும் பின்னவர் 2022-லும் காலமானவர்கள். 2024 ஜனவரியில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல், சில மாதங்களிலேயே ‘கோட்’ படப் பாடலில் கேட்டது. செயற்கை நுண்ணறிவு கலைஞர்களின் இடத்தைப் பிடித்துவிடுமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, இத்தகைய பாடல்கள் உருவாகும் விதத்தைப் பார்ப்பது தெளிவு தரும். பழைய பதிவுகளிலிருந்து ஒருவரின் குரல்வாகை மென்பொருள் கற்றுக்கொள்கிறது. ஆனால் குரலை மாற்றும் இந்த முறையில், மெட்டை முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் பாடித் தர வேண்டும். எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எந்த ஸ்வரத்தை அசைப்பது, எதை அசையாமல் நிறுத்துவது என்பதெல்லாம் அவருடைய முடிவுகள். அதன்மேல்தான் மென்பொருள் இன்னொருவரின் நாதத்தைப் போர்த்துகிறது. நாம் பாட்டு என்று ரசிப்பதில் பெரும்பகுதி அந்த முடிவுகளில் இருக்கிறது. ஆக, இங்கே கலைஞர் இல்லாமல் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். எனக்குக் கவலை தருவது இதுதான்.

இந்த நுட்பத்தால் விளையும் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ராண்டி டிராவிஸ், 2013-ல் வந்த பக்கவாதத்தால் பாடும் திறனை இழந்தவர். 2024 மே மாதம் அவருடைய குரலில் புதுப் பாடல் வெளிவந்தது. ஜேம்ஸ் டூப்ரே என்ற பாடகர் பாடிக் கொடுத்ததை டிராவிஸின் குரலாக மாற்றியிருந்தார்கள். டிராவிஸ் உடனிருந்து ஒப்புதல் தந்தார். டூப்ரேயின் பங்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நுட்பம் ஒன்றுதான். ஆனால் யார் பாடினார் என்பதை மறைக்காததால் அந்தப் பாடல் யாரையும் வஞ்சிக்கவில்லை.

நம் ஊரில் நடக்கும் விவாதம் இந்த இடத்தை எட்டவே இல்லை. தாம் பயன்படுத்திய குரல்களுக்காக இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று உரிய ஊதியமும் தந்ததாக ‘லால் சலாம்’ இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார். அது பாராட்டத்தக்க முன்மாதிரி. 2024-ல் பாடகர் அர்ஜித் சிங் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் குரலுக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. இரண்டுமே புகழ்பெற்ற குரலின் உரிமையைப் பற்றியவை. அந்தக் குரலுக்கு அடியில் பாடுகிறவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

மாதிரிக்காக முதலில் பாடித் தரும் ட்ராக் பாடகர்கள் என்றைக்கும் பெயரில்லாமல்தானே பாடினார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பெயரின்மைக்கு ஒரு வாசல் இருந்தது. ட்ராக்கைக் கேட்ட இசையமைப்பாளருக்கும் இயக்குநருக்கும் அந்தக் குரல் பிடித்துப்போய், அதுவே படத்தில் நிலைத்ததுண்டு. குரல் மாற்றம் அந்த வாசலை அடைக்கிறது. பாடியவரின் குரல் முற்றிலும் அழிக்கப்பட்ட பிறகுதான் பாட்டு வெளியே வருகிறது. கீபோர்டு வந்தபோதும் இப்படித்தான் பயந்தோம், இசை அழிந்துவிடவில்லையே என்பது இன்னொரு வாதம். இசை அழியவில்லை, ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகளை நம்பியிருந்த பலரின் பிழைப்பு சுருங்கியது. கலை தொடர்வதும் கலைஞர் வாழ்வதும் வேறுவேறு கணக்குகள். மனிதர் பாடாமலே முழுப் பாடலையும் உருவாக்கும் சூனோ, யூடியோ போன்ற செயலிகளுக்கும் மனித உழைப்பே மூலதனம் என்பதால்தான், 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் அவற்றின்மீது வழக்குத் தொடுத்தன.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை சிறியது, ஆனால் ஆபத்தானது. 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடகர்களுக்கு ராயல்டி உரிமை தருகிறது. அதே திருத்தம், திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ பங்களித்து, தொழில் வழக்கப்படி பெயர் குறிப்பிடப்படாதவரைப் பெரும்பாலான உரிமைகளுக்கு நிகழ்த்துநராகக் கருத வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அடியில் பாடியவரை இந்த வரையறைக்குள் தள்ளிவிடத் தயாரிப்பாளர் தரப்பு முயல்வது கடினமல்ல. பாடல் முழுவதையும் பாடியவரைத் துணைப் பங்களிப்பாளர் என்பது அநியாயம். குரலுக்கு உரியவரின் பெயரோடு பாடியவரின் பெயரையும் டைட்டிலிலும் பாடல் வெளியீட்டிலும் போடுவதைப் பாடகர் சங்கங்கள் ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். ராயல்டியில் அவருக்கும் பங்கு எழுதப்பட வேண்டும்.