யாருடைய கடிதம்? வார்ஷாக் தீர்ப்பு பற்றி

தீர்ப்புகளை இலக்கியப் பிரதி போல வாசிப்பது என் பழைய தொழிலின் எச்சம். விரிவுரை மண்டபம் போய் இரவுவேலை வந்தபின்னும் அது விட்டபாடில்லை. அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பரில் வழங்கிய வார்ஷாக் தீர்ப்பு, தனிமனிதரின் மின்னஞ்சலைக் காத்ததென்று கொண்டாடப்படுவது. அந்தக் கொண்டாட்டத்தில் பாதிக்குத்தான் அது தகும்.

ஸ்டீவன் வார்ஷாக் ஒஹையோவில் குளிகை விற்ற வியாபாரி. மோசடி வழக்கு. (உரிமை வழக்குகளுக்கு நல்ல மனிதர்கள் அகப்படுவது அபூர்வம்.) அவருடைய சுமார் 27,000 மின்னஞ்சல்களை அரசு தேடுதல் ஆணை எதுவுமின்றி சேவை நிறுவனத்திடமிருந்து பெற்றது. 2005இல் நடந்த இது 2006 மே மாதம்வரை அவருக்குத் தெரியாது. இதற்கு இடம் தந்தது 1986ஆம் ஆண்டுச் சட்டம். 180 நாட்களுக்கு மேல் சேமிப்பில் கிடக்கும் கடிதத்தை எடுக்க அழைப்பாணையே போதும் என்றது அது. கணினியில் இடம் விலைகூடிய பொருளாயிருந்த காலம். ஆறு மாதம் எடுக்காத கடிதம் கைவிடப்பட்டது என்று நினைத்தார்கள். இன்றோ பதினைந்து வருடக் கடிதங்களையும் நாம் அங்கேயேதான் வைத்திருக்கிறோம்.

தீர்ப்பின் சிறந்த பகுதி அதன் உவமை. ஹோட்டல் அறைக்குள் துப்புரவுத் தொழிலாளி வந்து போவதால் பொலிசுக்கும் கதவு திறந்துவிடுவதில்லை. எமது தொழிற்சாலையில் என் அலுமாரியின் மாற்றுச்சாவி மேற்பார்வையாளரிடம் உண்டு. உள்ளேயிருக்கும் சாப்பாட்டுப் பெட்டி என்னுடையதுதான். சட்டம் படிக்காத சக தொழிலாளிக்கும் இது விளங்கும்.

உவமை முடிந்ததும் தீர்ப்பு பின்வாங்குகிறது. அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் மீறப்பட்டதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதிகாரிகள் நடப்பிலிருந்த சட்டத்தை நல்லெண்ணத்தோடு நம்பினார்கள் என்று சொல்லி, அதே கடிதங்களைச் சாட்சியமாக ஏற்கின்றனர். உரிமை உண்டாம், மீறினால் பரிகாரம் இல்லையாம்! தீர்ப்பு கட்டுப்படுத்துவதும் நான்கு மாநிலங்களை மட்டுமே. சட்டத்தைத் திருத்தும் மசோதா 2016இல் பிரதிநிதிகள் சபையில் 419-0 என நிறைவேறி, செனட்டில் தேங்கிப்போனது.

எமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: எம்மில் பலருடைய தஞ்சக் கோரிக்கை வாக்குமூலமும், ஊரிலிருக்கும் சகோதரியின் முகவரியும் அமெரிக்க நிறுவனங்களின் கணினிகளில்தான் கிடக்கின்றன. அந்நாட்டோடு தொடர்பற்ற வெளிநாட்டவரின் வெளிநாட்டு உடைமையைச் சோதிக்க நான்காம் திருத்தம் தடையில்லை என்றது 1990இன் வெர்டூகோ தீர்ப்பு. 2008இல் வந்த 702ஆம் பிரிவு, வெளிநாட்டிலுள்ள அந்நியரின் மின்னஞ்சலை ஆளுக்கொரு ஆணையின்றி உளவுத்தேவைக்கு எடுக்க வழிவிட்டது. வார்ஷாக் தீர்ப்பின் அழகான ஹோட்டல் அறையில் எமக்கு இடம் போடப்படவில்லை.

ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 மே மாதம் வேறுவிதமாகப் பேசியது. தன் நாட்டு உளவுத்துறை வெளிநாட்டவரை வெளிநாட்டிலேயே ஒட்டுக்கேட்டாலும் அடிப்படைச் சட்டத்தின் 10ஆம் உறுப்புரை அதைக் கட்டுப்படுத்தும் என்றது. ஒட்டுக்கேட்பதை அது நிறுத்தவில்லை, நிபந்தனைதான் விதித்தது. ஆயினும் கடவுச்சீட்டைக் கேட்காமல் உரிமையைப் பேசியது. நிபந்தனை போதுமா என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் உடன்பாடில்லை. சட்டம் படித்தவர்கள் எழுதினால் அடுத்த இதழில் தொடரலாம்.