பழகிய தொடர்களும் மறைந்த மண்ணும்

மடுத் திருப்பதியில் ஆடித் திருவிழாவிலும் ஆவணித் திருவிழாவிலும் மரியன்னையின் மன்றாட்டுமாலை சொல்லப்படுகிறது. ஒருவர் அன்னையின் புகழ்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கூட்டம் ஒரே மறுமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்பளித்த மாலை அது. மன்னாரிலிருந்து வந்த தமிழரும் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவரும் அங்கே அருகருகே முழந்தாளிடுகிறார்கள். மற்றவரின் மொழி புரியாவிட்டாலும், எந்த இடத்தில் குரல் கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். மாறாத தொடரின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

பழைய இலக்கியத்திலும் இந்த முறை வேரோடியிருக்கிறது. மடுவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருக்கேதீச்சரத்தைச் சுந்தரர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு பாலாவித் தீர்த்தத்தின் கரை வருகிறது. பாட்டை முடித்துவைப்பது திருக்கேதீச்சரத்தான் என்ற பெயர். சம்பந்தரும் சுந்தரரும் கடலுக்கு மறுகரையில், இராமேசுவரத்தில் இருந்தே இத்தலத்தைப் பாடினார்கள் என்பது மரபு. காணாத ஊரைப் பாடப் பழகிய தொடர்கள் துணை நின்றிருக்கலாம். ஆனால் பாலாவி என்ற பெயர் வேறு எந்தத் தலத்துக்கும் பொருந்தாது. மாதோட்டக் கடலில் கப்பல்கள் நிறைந்திருந்ததாகச் சுந்தரர் சொல்வதும் வெற்று அலங்காரம் அல்ல. 1980களின் முதற்பாதியில் ஜோன் கார்ஸ்வெல் மாந்தையில், அதாவது அதே மாதோட்டத்தில், நடத்திய அகழாய்வு அங்கே கடல்வணிகம் தழைத்திருந்ததைக் காட்டியது.

இத்தகைய தொடர்களை வைத்துச் சங்கப் பாடல்களை ஆராய்ந்தவர் க. கைலாசபதி. ஹோமரின் காவியங்களை மில்மன் பாரி ஆராய்ந்த வழியைப் பின்பற்றி, பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆய்வு செய்தார். 1968இல் அது ஒக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. திரும்ப வரும் அடைமொழிகளும் வாய்பாட்டுத் தொடர்களும் வாய்மொழியாகவே பாட்டுக் கட்டிய மரபைக் காட்டுகின்றன என்பது அவர் வாதம். தனித்தனிப் புலவரின் மேதைமை என்று மட்டுமே பார்க்கப்பட்ட பாடல்களைப் பாணர், பொருநர் என்ற சமூகத்தின் உழைப்பாகவும் பார்க்க வைத்தது அந்நூல். நம் திறனாய்வுக்கு அது பெரிய கொடை. ஆனால் ஜோர்ஜ் ஹார்ட் மாற்றுக் கருத்துச் சொன்னார்: எழுத்தறிந்த புலவர்கள் பாணரின் வாய்மொழி நடையைத் தழுவிப் பாடியிருக்கலாம் என்றார்.

இந்த வழக்கில் மன்னார்க் கூத்துகள் ஹார்ட்டின் பக்கமே சாட்சி சொல்கின்றன. சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி ஆகிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்து உலகறியச் செய்தார். புலவர்கள் எழுதி, ஏட்டிலும் கொப்பியிலும் படியெடுக்கப்பட்டு, அண்ணாவிமார் கையில் வைத்துப் பழக்கிய கூத்துகள் இவை. ஆனாலும் வாய்பாட்டுத் தொடர்கள் நிறைந்து கிடக்கின்றன. அரசன் யாராக இருந்தாலும் கட்டியகாரன் முன்னே வருவான். அரசன் வரவுத் தருவோடு நுழைந்து தன் நாட்டையும் செங்கோலையும் தானே புகழ்வான். ஆக, ஒரு பனுவலில் தொடர்கள் திரும்ப வருகின்றன என்பதை மட்டும் கொண்டு அது வாய்மொழியில் பிறந்தது என்று தீர்ப்பளிக்க முடியாது. வாயால் பாடப்பட வேண்டும் என்பதற்காகவும் அப்படி எழுதுவார்கள். ஒரே இரவில் முடியும் வாசாப்பானாலும் இரவுகள் நீளும் நாடகமானாலும், பகலில் வயலிலும் கடலிலும் நின்றவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டுமே.

இனி எனக்கு உறுத்துகிற பக்கம். கூத்து அரசன் மந்திரியிடம் கேட்கும் பொதுக் கேள்வி ஒன்று உண்டு: மாதம் மும்மாரி பொழிகிறதா? மன்னாரோ பெரும்பாலும் வாடைக்கால மழையை நம்பியிருக்கும் வறண்ட நாடு. அரசன் ஐரோப்பியப் பேரரசனாக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. இது புவியியல் கேள்வி அல்ல, ஆட்சி அறம் தவறவில்லையா என்று சோதிக்கும் கேள்வி என்பதை நான் ஏற்கிறேன். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் மாதோட்ட விவசாயிக்கு அது நெஞ்சில் தைக்கவும் செய்யும். ஆனால் பேசாலைக் கடலில் வலை போடுபவருக்கு வாடையும் சோளகமும் தானே உயிர்ப்பிரச்சினை? காற்றைப் பற்றி எந்த அரசனும் விசாரிப்பதில்லை. நிலம் மறைவது கூத்தில் மட்டும் அல்ல. வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் யூதேயாவே தமிழ் மருதநிலமாகிவிட்டது. காவிய மரபில் அது துணிச்சலான செயல்; வேற்று நாட்டு வேதம் தமிழ் மண்ணில் குடியேறியது அதனால்தான். பின்வந்தவர்கள் அதே சோலையையும் வாவியையும் தாமரையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாண்டபோது, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் மடுக்காடு பாட்டுக்குள் நுழைய இடமில்லாமல் போயிற்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்து அடைக்கலம் தேடியது அந்தக் காட்டைத்தான். அதைச் சோலையாக்கிவிட்டால் அவர்களின் அச்சமும் மறைந்துவிடுகிறது.

வரலாற்றில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. வேதசாட்சிக் கதைக்கு ஓர் அச்சு உண்டு: கொடுங்கோலன், தூபம் போடும் மந்திரி, கலங்காத பக்தர், கொலைக்களம். 1544இல் மன்னாரில் நடந்த கிறிஸ்தவர் படுகொலையை அதில் வார்த்தால், அதை நடத்திய யாழ்ப்பாண அரசன் சங்கிலி எந்த நாட்டுக் கொடுங்கோலனாகவும் ஆகிவிடுவான். சவேரியார் அனுப்பிய குருவிடம் மக்கள் திருமுழுக்குப் பெற்றதும், அதன் பின்னால் போர்த்துக்கேயர் ஆதிக்கம் வருவதாக அவன் அஞ்சியதும் அச்சுக்கு வெளியே வழிந்துவிடும். இறந்தவர்களை வணங்குவதற்கு அந்த அச்சுப் போதும். ஏன் இறந்தார்கள் என்று அறிய அது உதவாது.

ஆகவே பனுவலில் திரும்ப வரும் தொடர்களை எண்ணிப் பட்டியலிடுவது பாதி வேலைதான். அண்ணாவிமார் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் கொப்பிகளை அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டு, எந்த ஊரில் எந்த அடி மாறியது, எந்த அடைமொழி உதிர்ந்தது, அந்த இடத்தில் புதிதாக எது வந்தது என்று குறிக்க வேண்டும். பாலாவியைப் போல வேறெங்கும் பொருந்தாத ஓர் ஊர்ப்பெயரோ ஒரு காற்றின் பெயரோ அந்தத் திருத்தங்களில் கிடைக்கக்கூடும். பழகிய தொடரை எழுதிவந்த கை தன் மண்ணுக்காக அதை உடைத்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.