நம் திரைப்படங்கள் காணாத பெருவிழா நாள்

புற்றுநோயைப் பற்றித் தமிழ்த் திரை நமக்கு இரண்டு காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டி வந்திருக்கிறது. ஒன்று, மருத்துவர் தலை குனிந்தவாறு நோயின் பெயரைச் சொல்வது, மற்றது, சாவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் ஒருவர் நோயாளியாக வாழ்கிறார். அந்த மாதங்களை எட்டிப் பார்த்த படம் அரிது.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) மருத்துவமனையைவிட்டு அகலாத படம். நுரையீரல் புற்றுநோயோடு வந்த கணவன், அவன் மனைவி, அவளை முன்பு நேசித்த மருத்துவர் ஆகிய மூவரின் மனப்போராட்டம் இன்றும் நம்மை உருக்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே சிகிச்சை என்பது ஒரே ஓர் அறுவையோடு முடிந்துவிடுகிறது. நோயாளி பிழைக்க, மருத்துவர் மாண்டுபோகிறார். யாரேனும் ஒருவர் இறந்தே ஆகவேண்டும் போலும்! பாலச்சந்தரின் 'நீர்க்குமிழி' (1965) இதைவிட உண்மைக்கு நெருங்கியது. நாகேஷ் அந்த வார்டுக்குள் சிரிப்பைக் கொண்டுவந்தார். நோயாளிகளும் வம்பு பேசுவார்கள் என்பதையாவது நாம் கண்டோம். 1982-இல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய படங்களிலோ நோய், காதலன் தன் காதலியைத் துறப்பதற்கு ஒரு காரணம் மட்டுமே.

இது கலைக்குறை மட்டுமாக இருந்திருந்தால் நாம் இத்தனை தூரம் எழுதியிருக்கமாட்டோம்.

2024-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை நாம் மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் கழித்தோம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரைச் சேர்ந்த ஒரு தாய்க்குத் துணையாக இருந்தோம். கருப்பை வாயில் புற்று. வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தாம். 25-ஆம் தேதி புதன்கிழமை ஒரு நாள் மட்டும் இயந்திரத்துக்கு விடுமுறை. "திருவிழாவுக்கு வந்துட்டுப் போம்மா" என்று மகன் தொலைபேசியில் வருந்தி அழைத்தான். பூம்பாறை, கொடைக்கானல், வத்தலக்குண்டு என்று பேருந்து மாறிமாறி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மலையில் உறைபனி விழும் காலம். "ஒரு நாளுன்னு போனா ஒரு வாரமாயிரும், போகாதீங்கம்மா" என்றார் செவிலியர்.

அச்சொல்லில் மிகையில்லை. இந்த வகைப் புற்றுக்குக் கதிர்வீச்சை எட்டு வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள நெறி. இடைவெளி நீளும்போது, எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. பொங்கலுக்கோ கிறிஸ்மசுக்கோ ஊருக்குப் போனவர் திரும்பாமலே இருந்துவிடுவதும் உண்டு. பயணச் செலவு ஒரு காரணம். "எப்படியும் சாகத்தானே போகிறோம்" என்ற எண்ணம் மற்றொன்று. அந்த எண்ணத்தை ஊட்டியதில் நம் கதைகளுக்குப் பங்கில்லை என்று எவ்வாறு சொல்வது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் நிறுவனம். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதே சென்னையில், கூப்பிடு தூரத்தில் இருந்த கோடம்பாக்கத்துக்கு அது கேட்கவில்லை.

ருசிய எழுத்தாளர் சொல்ஜெனித்சினுக்குக் கேட்டது. தாமே தாஷ்கண்டில் சிகிச்சை பெற்றவர் அவர். 1955-இல் அந்நகர் மருத்துவமனையில் நிகழும் 'புற்றுநோய் வார்டு' நாவலில் கதிர்வீச்சு அமர்வுகளும் ஊசிகளும் இரத்தப் பரிசோதனைகளும் படுக்கைக்குப் படுக்கை நடக்கும் வாக்குவாதங்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. சலிப்பூட்டுமோ என்று அவர் அஞ்சவில்லை. ஆகவேதான், கோஸ்டோகுளோட்டவ் வார்டைவிட்டு வெளியேறி நகரத்தில் பூத்து நிற்கும் ஒரு மரத்தைத் தேடிப் போகும்போது, வாசகராகிய நாமும் அவனோடு நடக்கிறோம். அந்த மரத்துக்கு அவர் நம்மை நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆயத்தப்படுத்தியிருக்கிறார். நம் இயக்குநர்கள் பாட்டு ஒன்றில் முடித்திருப்பார்கள்.

மதுரை வார்டில் அன்று நடந்தவை எந்தக் கதைக்கும் அடங்காத சிறு சிறு காரியங்கள். மருந்து அட்டைப் பெட்டியில் யாரோ ஒரு குடில் செய்திருந்தார்கள். வெள்ளணுக்கள் குறைந்திருந்த ஒரு சிறுவனை எவரும் நெருங்கவேண்டாம் என்றிருந்தார்கள். அவன் கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து குடிலைப் பார்த்துக் கையசைத்தான். கேக்கின் மணம் பலருக்குக் குமட்டியது. மன்னவனூர்த் தாய் கஞ்சியில் நான்கு கரண்டி குடித்தார். பிறகு பக்கத்துப் படுக்கையிலிருந்த இசுலாமியச் சகோதரிக்குத் தம் பங்கு கேக்கை எடுத்துக் கொடுத்தார்.

26-ஆம் தேதி காலை, கதிர்வீச்சு அறையின் வாசலில் முதல் ஆளாக அவர் அமர்ந்திருந்தார். ஒரு கையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு, மறு கையில் தொலைபேசி. பூண்டுக்குக் களை வெட்டியாயிற்றா என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.