மூன்றாவது தட்டு டீசல்

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களிடம், கிழிந்த டிரைவ் ஷாஃப்ட் பூட் ஒன்றை மாற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்பேன். இன்ஜின் வேலையில் சத்தமும் பேச்சும் அதிகம். குறை எங்கே, கெட்டிக்காரத்தனம் எங்கே என்று எளிதில் தெரியாது. ஃபோர்வீல் டிரைவ் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாக இருக்கும் இந்த ரப்பர் உறையை மாற்றும் வேலை சிறியது. ஆள் எப்படிப்பட்டவர் என்பது அதில் முழுசாகத் தெரிந்துவிடும்.

உறைக்குள் இருப்பதைத் தெரிந்துகொண்டால் ரசனை கூடும். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், வளைவில் ஒடியவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். ஷாஃப்ட்டுகளை இணைக்கும் யூஜே கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்) கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அந்தத் துடிப்பு கைக்கே வரும். 1920களில் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரெட் ர்செப்பா இதற்குக் கண்ட தீர்வு ஆறு எஃகு பந்துகள். உள்ளே ஒரு உருண்டை, வெளியே ஒரு கிண்ணம், இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், நடுவே பந்துகளைப் பிடித்திருக்கும் கூண்டு. ஷாஃப்ட் எந்தப் பக்கம் ஒடிந்தாலும் பந்துகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் போய் நின்றுகொள்கின்றன. அதனால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். இதுதான் சிவி ஜாயிண்ட். இரண்டாம் உலகப்போர் ஜீப்புகள் சிலவற்றில் ஓடியதும், 1959இல் வந்த மினி காரைச் சாத்தியமாக்கியதும் இதே வகை ஜாயிண்ட்தான்.

அந்த ஜீப்பில் ஜாயிண்ட்டைச் சுற்றி இரும்புக் கோளம் இருந்தது. இரண்டு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் இன்றைய தார், ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் அந்தக் காவலை ஒரு ரப்பர் தோல் செய்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 தடவை சுழல்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளிலும் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விரிந்துகொண்டே சுழல்கிறது. உயரம் கூட்ட லிஃப்ட் கிட் போட்டவர்களின் வண்டியில் ஷாஃப்ட்டின் கோணமும் கூடிவிடுவதால், மடிப்போடு மடிப்பு உரசிச் சீக்கிரமே கிழியும். காட்டுப் பாதையில் ஒரு முள்கட்டையோ கூர்க்கல்லோ போதும்.

கிழிந்ததைக் கண்டுபிடிப்பதிலேயே கைத்திறன் ஆரம்பித்துவிடுகிறது. ரிம்மின் உட்புறத்தில் வட்டமாகத் தெறித்திருக்கும் கறுப்பு கிரீஸ் முதல் சாட்சி. திருப்பத்தில் கேட்கும் ‘டக் டக்’ சத்தம் இரண்டாவது. ஆனால் ஃபோர்வீல் வண்டி இந்த இடத்தில் ஏமாற்றும்: டூவீலில் ஓடும்போது முன் ஜாயிண்ட்டுகளில் சுமை இல்லாததால் கெட்டுப்போன ஜாயிண்ட்டும் வாய் திறக்காது. விவரம் தெரிந்தவர் வண்டியை மண் தரைக்குக் கொண்டுபோய், ஃபோர்வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக நகர்த்திக் காது கொடுப்பார். தார்ச்சாலையில் அப்படிச் செய்தால் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும்.

ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துவது, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைப்பது, ஷாஃப்ட்டை உருவுவது எல்லாம் பழகிய கைக்குத் தானாக வரும். நான் காத்திருப்பது அதற்கடுத்த கட்டத்துக்கு. பழைய கிளிப்பை வெட்டி, உறையை உரித்தெடுத்து, கிரீஸில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். வழுவழுவென்று இருந்தால் தப்பித்தது. நறநறத்தால் மணல் உள்ளே போய்விட்டது. கூண்டைச் சாய்த்து, நுங்கை நெம்புவதுபோல் கட்டைவிரலால் ஒவ்வொரு பந்தாக வெளியே எடுப்பார். எந்தப் பந்து எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் வைப்பார். இத்தனை நாள் சேர்ந்து தேய்ந்தவை சேர்ந்தே இருக்க வேண்டும்.

பிறகு கழுவல். முதல் தட்டு டீசல் கறுத்துப்போகும். இரண்டாவது பழுப்பாகும். அவசரக்காரர் இத்துடன் விட்டுவிடுவார். புது உறை வெளியே இருந்து தூசி வராமல் காக்கும். உள்ளே தங்கிவிட்ட மணலையும் அதே விசுவாசத்தோடு காக்கும். கழுவாமல் மூடிய ஜாயிண்ட், புது உறைக்குள் பழைய சாவைச் சாகும். அதனால் நல்லவர் மூன்றாவது தட்டு ஊற்றுவார். திருப்பூர் பனியன் வேஸ்ட் கை துடைக்கத்தான். பந்துகளைத் துடைக்க, நூல் உதிராத பழைய வேட்டித் துணியைத் தனியே வைத்திருப்பார். பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பளபளப்பான தடம் ஓடிய அடையாளம், பயமில்லை. நகம் தட்டினால் குழி விழுந்துவிட்டது. உறையை மட்டும் மாற்றுவது வீண் என்று காசு வாங்கும் முன்பே சொல்லிவிடுவார்.

மூட்டுவதிலும் நுணுக்கங்கள் உண்டு. ஷாஃப்ட்டின் பல் உறையைக் கீறாமல் இருக்க டேப் சுற்றி, உறையை முதலில் ஏற்றிவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் கிட்டோடு அளவாக வரும். அதைப் பந்துகளுக்கு நடுவில் அழுத்தி நிரப்பி, மீதியை உறைக்குள் விடுவார். புது சர்க்ளிப் போட்டு, ஒரே தட்டில் ஜாயிண்ட் ‘க்ளிக்’ என உட்கார்ந்ததும் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் ஒரு நுட்பம்: மொட்டை ஸ்க்ரூ டிரைவரை உறையின் உதட்டடியில் நுழைத்து, அடைபட்ட காற்றை ‘புஸ்’ஸென்று வெளியேற்றிவிட்டுத்தான் கிளிப்பை இறுக்குவார். காற்று தங்கினால் உறை உப்பும், குறைந்தால் மடிப்பு உள்ளே ஒட்டும். கிளிப்பும் அப்படியே: தளர்ந்தால் கிரீஸ் கசியும், மிஞ்சினால் ரப்பர் அறுபடும்.

ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஒட்டிப் போடும் பிளவு உறைகள் உண்டு. காட்டு நடுவே சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றி வீடு வந்து சேர்பவர்களும் உண்டு. அந்தச் சமயோசிதத்துக்கு ஒரு சபாஷ். ஆனால் அவை தற்காலிக வழிதான். ஷாஃப்ட்டை முழுசாகவே மாற்றிவிடும் பட்டறைகள் பெருகிவிட்டன; நேரம் மிச்சம் என்பதும் நியாயமே. ஆனால் நல்ல எஃகை, மேல்தோல் கிழிந்ததற்காகத் தூக்கிப் போடுவதை என்னால் நேர்த்தி என்று சொல்ல முடியாது. அடுத்த முறை பட்டறையில் நிற்கும்போது மூன்றாவது தட்டைப் பாருங்கள். ஊற்றிய நிறத்திலேயே டீசல் இருந்தால், சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.