தேதி இல்லாத மலைப் படங்கள்

தமிழ்நாட்டில் திருவண்ணாமலை அளவுக்குப் படம் எடுக்கப்படும் மலை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களின் கைபேசிகள் முதல் ரமணாசிரமத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வரை எல்லாவற்றிலும் மலை இருக்கிறது. பழைய படங்களில் ஆசிரமத்துக்குப் பின்னால் தெரிவது பெரும்பாலும் மொட்டைப் பாறை. இன்று அதே பக்கம் பச்சை. ஆனால் எந்தச் சரிவில், எந்த ஆண்டில் மரம் திரும்பியது என்று கேட்டால் இவ்வளவு படங்களாலும் பதில் சொல்ல முடியாது. எங்கே நின்று, எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்பு பெரும்பாலானவற்றில் இல்லை. படம் எத்தனை அழகாக இருந்தாலும் இடமும் தேதியும் இல்லாவிட்டால் சூழலியலுக்கு அது பாதிச் சாட்சிதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மலை: இலங்கையின் வறண்ட வலயத்தில், அனுராதபுரம் மாவட்டத்தில், ரிட்டிகல என்றொரு தனிமலை நிற்கிறது. உயரம் 766 மீட்டர். நம் மலை 814. அடிவாரத்தில் பழைய பௌத்தத் துறவிமடத்தின் இடிபாடுகள். பேராதனைத் தாவரவியல் தோட்ட இயக்குநர் வில்லிஸ் அதன் தாவரங்களை ஆராய்ந்து 1906-லேயே வெளியிட்டார். 1941-ல் அது கடும் பாதுகாப்புள்ள இயற்கை ஒதுக்ககமானது. அங்கே பட்டியல் முதலில் வந்தது, மக்களின் கண் வரவில்லை. இங்கே கண்கள் லட்சக்கணக்கில் உண்டு, ஒழுங்கான பதிவு இல்லை. இதை நாடுகளின் அறிவியல் தர வித்தியாசம் என்று சொல்வது தவறு. தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டில் 1988-ல் 50 ஹெக்டேரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டுக்கும் எண் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கணக்கெடுக்கிறார்கள். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் 1993 முதல் 25 ஹெக்டேரில் அதே முறை. இரண்டு இடங்களுக்கும் உயிர் கொடுப்பது ஒன்றே: அதே இடத்துக்குத் திரும்பி வருவது.

செயற்கைக்கோள் இருக்கும்போது தரையில் நின்று எடுக்கும் படம் எதற்கு என்று கேட்கலாம். வானிலிருந்து பச்சை தெரியும். அது ஆளுயரப் புல்லா, புல்லுக்குள் முளைத்த மரக்கன்றா என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல. கோடையில் தீப்பிடிப்பது அந்தப் புல்தான் என்பதால், இந்த வித்தியாசம்தான் நமக்கு முக்கியம். எண்பதுகளின் இறுதியிலிருந்து இங்கே மரம் நட்டுவரும் தொண்டர்களைப் பார்த்து, நடுவதை விட்டு எழுதிக்கொண்டிருப்பானேன் என்று சொல்வோரும் உண்டு. எந்த இனம் தீக்குப் பின் துளிர்த்தது, எது மடிந்தது என்று தெரியாமல் அடுத்த மழைக்கு எதை நடுவது? 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு பேரைப் பலிகொண்டது. அந்தச் சரிவின் மண்ணும் செடியும் முந்தைய பத்தாண்டுகளில் எப்படி மாறின என்று காட்டும் தொடர்ப் படங்கள் இருந்திருந்தால், ஆராய வந்தவர்களுக்கு எவ்வளவு உதவியிருக்கும்!

ரிட்டிகலவைப் போல மலையை மூடிவைப்பது இங்கே நடக்காது, நடக்கவும் வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எண்திசைக்கும் ஒரு லிங்கமாக இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு நிலையான இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கட்டடம் மறைத்தால் சற்றுத் தள்ளி ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையிலும் பங்குனி வெயிலிலும் எட்டு இடங்களிலிருந்தும் ஒரே கோணத்தில் படம் எடுத்து, தேதி எழுதி, கண்ட மரம் பறவைகளின் பெயரோடு சேர்த்துவைக்க வேண்டும். ஊரின் கல்லூரித் தாவரவியல் துறைகளும் வனத்துறையும் இந்த ஆண்டே இதைத் தொடங்கட்டும்.