விண்ணரசில் பெரியவர் யார்?: ஒரு மறுநோக்கு

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், விண்ணரசில் பெரியவர் யார் எனச் சீடர் வினவ, இயேசு ஒரு சிறுபிள்ளையை அவர்கள் நடுவே நிறுத்துகின்றார். இதனைக் கள்ளமின்மைக்குச் சான்றாகக் கொள்வது பெருவழக்கு. அது பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. மூலக் கிரேக்க வினைச்சொல் 'தாழ்த்துதல்' எனப் பொருள்படுவது; குணத்தினும் நிலையையே முதன்மையாகச் சுட்டுவது. அன்றைய சமூகத்தில் பிள்ளை தனக்கென அதிகாரம் ஏதுமின்றிப் பிறரைச் சார்ந்தே வாழ்ந்தது. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் இந்நிகழ்ச்சி, யாவர்க்கும் கடையராய், தொண்டராய் இருத்தல் என்னும் கருத்தோடு வருவது நம் கருத்திற்கு அரண் செய்கின்றது. மத்தேயுவிலோ, சிறியோரை இடறச்செய்வோர்க்கான கடும் எச்சரிக்கை அடுத்து வருகின்றது. ஆகவே, இப்பகுதியை எளியோர்க்கு அடக்கம் கற்பிக்கும் பாடமாக்குதல் மூலத்தைத் தலைகீழாக்குவதாகும். தாழுமாறு பணிக்கப்பட்டவர் பெருமை நாடிய சீடரே, பிள்ளை அன்று.